வேலிச்செடி குடித்த மருந்து

அசும்ப்டா கில்பேனைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் அவள் கால்களில்தான் தொடங்க வேண்டும். இரண்டு கட்டைவிரல் ஓரத்திலும் எலும்பு புடைத்து, எந்த ஷூவும் அவளுக்குச் சேராது. சாயங்காலம் ஐந்து மணிக்கு கிளினிக் கதவைச் சாத்தியதும், வரவேற்பு மேஜைக்குப் பின்னால் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஷூவைக் கழற்றிப் போடுவாள். இருபத்திரண்டு வருடம் இப்படித்தான்.

"இன்னிக்கு எத்தனை பேருடி?" என்பேன்.

"பத்தொன்பது. பத்தொன்பது பேரும் நல்லா இருக்கேன்னுதான் சொன்னாங்க. ஒருத்தன்கூட நல்லா இல்ல, டிம்ப்னா."

டிம்ப்னா நான்தான். அவள் நர்ஸ், நான் டாக்டர் ஹெஷனின் வரவேற்பில் போன் எடுப்பவள், நேரம் கொடுப்பவள், கோப்பு எடுத்துவைப்பவள். ஊரில் யாருக்கு மூலம், யாருக்கு மூச்சிரைப்பு என்பதெல்லாம் ஃபாதர் கினேனுக்குத் தெரிவதற்கு முன்னால் எனக்குத் தெரியும். சதுப்பு நிலத்து ஓரத்தில் இருக்கிற ஊர். வெட்டிக் காயவைத்த கரிமண்தான் எல்லா வீட்டு அடுப்பிலும் புகைகிறது. வாரத்தில் ஆறு நாள் மழை, ஏழாம் நாள் தூறல். சுவரெல்லாம் பூஞ்சை. ஆஸ்துமாவுக்கு இதைவிடத் தோதான இடம் மேயோ மாவட்டத்தில் கிடையாது.

அசும்ப்டா ஏதோ சபதம் எடுத்துக்கொண்டு ஆஸ்துமா நோயாளிகளிடம் வந்தவள் இல்லை. வியாழக்கிழமைகளில் ஆஸ்துமாவுக்கென்று தனியாக ஆள் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது, அப்போது இருந்த இன்னொரு நர்ஸ் தனக்கு வியாழன் ஒத்துவராது என்று சொல்லிவிட்டாள். அவ்வளவுதான். அசும்ப்டாவை ஸ்லைகோ நகரத்துக்கு இரண்டு நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். ஒரு பை நிறையத் தாள்களோடும் ஒரு சளியோடும் திரும்பி வந்தாள்.

அந்தத் தாள்தான் சிகிச்சைத் திட்டம். ஒவ்வொருவர் பெயரையும் எழுதி, எந்த மருந்தை எப்போது எத்தனை தடவை இழுக்க வேண்டும், மூச்சு முட்டினால் என்ன செய்ய வேண்டும், எப்போது ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும் என்று பச்சை, மஞ்சள், சிவப்புக் கட்டங்களில் குறித்துக் கொடுப்பாள். ஊரில் எந்த வீட்டு ஃபிரிட்ஜைப் பார்த்தாலும் அது ஒட்டியிருக்கும். ஒட்டுவதில் எங்கள் ஜனங்கள் கெட்டிக்காரர்கள். படிப்பதில்தான் கொஞ்சம் சுணக்கம்.

விஷயம் இவ்வளவுதான். நீல இன்ஹேலர் என்று ஒன்று, பழுப்பு என்று ஒன்று. நீலத்தை இழுத்தால் நெஞ்சு உடனே திறந்துகொள்ளும். பழுப்பை இழுத்தால் ஒன்றுமே தெரியாது. ஆனால் பழுப்பைக் காலையில் இரண்டு, மாலையில் இரண்டு என்று தினமும் இழுத்தால்தான் நீலத்துக்கே வேலை இல்லாமல் போகும். பலன் கண்ணுக்குத் தெரிவதை விட்டுவிட்டு, ஒன்றும் தெரியாததை ஒருவன் தினமும் எதற்கு இழுப்பான்? நானாக இருந்தாலும் இழுக்க மாட்டேன். அசும்ப்டாவின் வியாழக்கிழமைகள் எல்லாம் இந்த ஒரு கேள்வியிலேயே கரைந்தன.

என்னென்னவோ செய்து பார்த்தாள். பால் கறக்கிறவனிடம், கறவை இயந்திரத்தின் சுவிட்சுக்குப் பக்கத்தில் ஆணி அடித்து அதில் தொங்கவிடச் சொன்னாள். பல்செட் போட்ட கிழவிகளிடம், பல்செட் கிண்ணத்துக்குள்ளேயே வைக்கச் சொன்னாள். ஒருத்தி தண்ணீரோடு வைத்துவிட்டாள். சாயங்காலம் ஆறு மணிக்கு டி.வி.யில் மாதா ஜெப மணி அடிக்கும் இல்லையா, எல்லா வீட்டிலும் ஒரு நிமிடம் பேச்சு நிற்கும் இல்லையா, அந்த மணிக்கு இரண்டு இழுப்பு என்று ஊருக்கே விதித்தாள். ஃபாதர் கினேன் அவளை வழியில் நிறுத்தி, "நான் முப்பது வருஷமா அந்த மணிக்கு ஜெபம் பண்ணச் சொல்றேன், ஒருத்தனும் கேக்கல. உன் மருந்துக்காவது கேக்குறானுங்களா?" என்றார்.

"இல்ல ஃபாதர்," என்றாள் அசும்ப்டா. "ரெண்டு பேருக்கும் ஒரே கதிதான்."

பிறகு எண் காட்டும் இன்ஹேலர்கள் வந்தன. முதுகில் சின்ன ஜன்னல், அதில் நூற்றிருபது. ஒரு தடவை அமுக்கினால் ஒன்று குறையும். நாலு வாரம் ஒழுங்காக எடுத்தவன் வந்து காட்டினால் எட்டு மிச்சம் இருக்கும். அசும்ப்டா சின்னப் பிள்ளை மாதிரி சந்தோஷப்பட்டாள். இனி எவனும் தன்னை ஏமாற்ற முடியாது என்று நினைத்தாள். ஜன்னலில் எட்டு இருந்தால் அட்டையில் பச்சை மையால் ஒரு சரிக்குறி போட்டு, "நீதான் மகாராசா" என்று தோளில் தட்டுவாள். அறுபது, எழுபது என்று இருந்தால் திட்ட மாட்டாள். அவளுக்குத் திட்ட வராது. முகம் மட்டும் தொங்கிப் போகும், ஷூவைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்வாள், "சரி, அடுத்த தடவை பார்ப்போம்" என்பாள். அந்த முகத்தைப் பார்ப்பதற்கு நாலு அறை வாங்கலாம்.

அதனால் ஜனங்கள் அந்த முகத்தைப் பார்க்காமல் இருக்க வழி கண்டுபிடித்தார்கள்.

என் ஜன்னலுக்கு நேர் எதிரில் வண்டி நிறுத்துமிடம். அதன் ஓரத்தில் சிவப்புப் பூ பூக்கிற ஃபூஷியா செடி வேலி. ஒரு வியாழக்கிழமை காலை பிரீஜ் ரூவன் தன் காரிலிருந்து இறங்கி, வேலியைப் பார்த்தபடி நின்று, கையை உயர்த்தி ஏதோ செய்துகொண்டிருந்தாள். பூச்சிமருந்து அடிக்கிறாளோ என்று பார்த்தேன். இல்லை. பழுப்பு இன்ஹேலரை அமுக்கிக்கொண்டிருந்தாள். புஸ், புஸ், புஸ். நடுநடுவே தூக்கி அதன் முதுகு ஜன்னலில் எண்ணைப் பார்ப்பாள், மறுபடி அமுக்குவாள். கட்டைவிரல் வலித்ததும் கையை மாற்றிக்கொண்டாள். பத்து நிமிடம் கழித்து உள்ளே வந்து, "காலை வணக்கம் டிம்ப்னா, என்ன குளிர்!" என்றாள். அரைமணி நேரத்தில் பச்சைக் குறியோடு வெளியே போனாள்.

நான் சிரித்தேன். உண்மையைச் சொல்கிறேன், வயிறு வலிக்கச் சிரித்தேன். அதற்குப் பிறகு வியாழன்தோறும் பார்த்தேன். கார்க் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டு உள்ளேயே அமுக்குகிறவர்கள், குடைக்குள் அமுக்குகிறவர்கள், கணவன் அமுக்க மனைவி எண்ணுகிற ஜோடி ஒன்று. எங்கள் ஃபூஷியா வேலிக்கு இருந்த நுரையீரல் அந்த வட்டாரத்தில் யாருக்கும் இல்லை. ஊரில் எல்லோருக்கும் தெரியும். மாலையில் மதுக்கடையில் இதுதான் பேச்சு. தெரியாதவள் ஒருத்திதான். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவள்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். வாரம் முழுவதும் புண் கழுவி, ரத்தம் எடுத்து, திட்டு வாங்கி, வியாழன் சாயங்காலம் என் பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னிக்கு பதினோரு பச்சைடி" என்பாள். அவளுக்கு இருந்த ஒரே நல்ல செய்தி அது. அதைப் பிடுங்க எனக்கு மனசு வரவில்லை. நாலு வருடம் வரவில்லை.

இதில் மாலக்கி டூகியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மாலக்கிக்கு ஐம்பத்திரண்டு வயது. திங்கட்கிழமைதோறும் மாட்டுச் சந்தையில் ஏலம் கூறுகிறவன். மேடையில் ஏறி மைக்கைப் பிடித்தானென்றால் மூச்சு விடாமல் பேசுவான். ஆஸ்துமாக்காரன் என்று சொன்னால் வெளியூர் வியாபாரி நம்ப மாட்டான். கல்யாணம் இல்லை. அவன், வீடு, ஷெப் என்ற நாய். இரண்டு தடவை மாவட்ட ஆஸ்பத்திரியில் தொண்டையில் மூச்சுக்குழாய் மாட்டிப் படுத்துத் திரும்பியவன். இரண்டாம் தடவை அங்கிருந்த பெரிய டாக்டர் அசும்ப்டாவையே போனில் கூப்பிட்டு, மூன்றாவது தடவை வந்தால் திருப்பி அனுப்ப முடியும் என்று தனக்கு நம்பிக்கை இல்லை என்று சொல்லிவிட்டார்.

அன்று முதல் மாலக்கி அவளுடைய தலைவலி ஆனான். மற்றவர்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்றால் அவனுக்கு மட்டும் நாலு வாரத்துக்கு ஒருமுறை. முதல் மாதம் தொண்ணூற்றாறு மிச்சம் வைத்திருந்தான். அசும்ப்டாவின் முகம் எப்படிப் போனது என்பதை நான் பார்க்கவில்லை, அவன் வெளியே வந்த முகத்தைப் பார்த்தேன். மாட்டை அடிமாட்டுக்கு விற்றவன் மாதிரி வந்தான். இரண்டாம் மாதம் எட்டு. மூன்றாம் மாதம் எட்டு. அப்படியே பதினாலு மாதம் தொடர்ந்து எட்டு.

ஆனால் மூச்சு மட்டும் தேறவில்லை. ஊதிப் பார்க்கிற குழாயில் முள் பாதியைத் தாண்டவில்லை. ராத்திரி தூக்கம் இல்லை. அக்கா வீட்டில் வாங்கிய நீல இன்ஹேலர் இரண்டு கோட்டுப் பைகளிலும் இருந்தது என்று பின்னால்தான் தெரிந்தது.

"மருந்து ஒண்ணு விடாம எடுக்கிறான், அப்புறம் ஏன்டி தேற மாட்டேங்குது?" என்று அசும்ப்டா என்னிடம் புலம்புவாள். சாண்ட்விச்சைக் கடித்துவிட்டு மெல்ல மறந்து உட்கார்ந்திருப்பாள். டாக்டர் ஹெஷன் எட்டைப் பார்த்துவிட்டு மருந்தின் வீரியத்தை ஏற்றினார். அடுத்த எட்டைப் பார்த்துவிட்டு வேறு மருந்து சேர்த்தார். அதற்கும் மசியவில்லை என்றதும் அசும்ப்டா அவன் வீட்டுக்கே போனாள். படுக்கையைப் புரட்டினாள், திரைச்சீலையைக் கழற்றினாள், கரிமண் அடுப்பை நிறுத்தி எண்ணெய் அடுப்பு வைக்கச் சொன்னாள். வைத்தான். கடைசியில் நாய்.

அது எப்படி நடந்தது என்று எனக்குத் தெரியும். என் மேஜைக்கு முன்னால்தான் நடந்தது.

"மாலக்கி, இனி மிச்சம் இருக்கிறது ஷெப்தான்," என்றாள். "மருந்துல குறை இல்ல. நீ எடுக்கிறதுல குறை இல்ல. நாய் முடியாத்தான் இருக்கணும்."

அவன் தொப்பியைக் கையில் சுருட்டினான். "பன்னெண்டு வருஷமா கூட இருக்கான் நர்ஸம்மா."

"தெரியும்டா. எனக்கென்ன சந்தோஷமா இதைச் சொல்ல?"

அவன் என்னைப் பார்த்தான். நான் பார்த்திருக்கிறேன் என்பது அவனுக்குத் தெரியும். அவன் காரை எப்போதும் என் ஜன்னலிலிருந்து மூன்றாவது இடத்தில்தான் நிறுத்துவான். இருபது நிமிடம் உள்ளேயே உட்கார்ந்திருப்பான். அவன் இப்போது சொல்லியிருக்கலாம். நானும் சொல்லியிருக்கலாம். இரண்டு பேரும் மேஜையில் இருந்த காலண்டரைப் பார்த்தோம்.

"சரி நர்ஸம்மா," என்றான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஷெப்பைப் பக்கத்து மாவட்டம் ராஸ்காமனில் இருக்கிற சித்தி மகன் பண்ணையில் விட்டுவிட்டு வந்தான். திரும்பி வரும்போது கார் ஓட்ட முடியாமல் வழியில் நிறுத்தி நிறுத்தி வந்ததாகச் சொன்னார்கள். மூச்சாலா, வேறெதனாலா என்று யாரும் கேட்கவில்லை. அன்றிலிருந்து எனக்கு அந்த விஷயத்தில் சிரிப்பு வரவில்லை. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவளுக்கு, நாலு வருடம் கழித்து அதை எந்தப் பக்கம் தோண்டி எடுப்பது என்று தெரியவில்லை.

பிப்ரவரியில் மிக் ஜோர்டன் செத்துப் போனார். எண்பத்தொன்பது வயது, மாலக்கிக்குப் பக்கத்து வீடு. எங்கள் பக்கம் குழி வெட்டக் கூலி ஆள் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர்கள் நாலு பேர் வெட்ட வேண்டும். கேட்டு வந்தால் மாட்டேன் என்று சொல்கிற வழக்கம் இல்லை. நெஞ்சு வலி என்றாலும் மண்வெட்டியை ஒருமுறையாவது தொட்டுவிட்டுத்தான் சொல்ல வேண்டும். மாலக்கியிடம் ஜோர்டனின் மகன் கேட்டான். அவன் சரி என்றான்.

கல்லறைத் தோட்டம் எங்கள் கிளினிக்குக்குப் பின்னால், கோயிலை ஒட்டி இருக்கிறது. காலை பத்தரை மணி. பனிமூட்டம் தரையோடு படுத்திருந்தது. ஜோர்டனின் மகன் சேற்றுக் காலோடு ஓடி வந்து, "மாலக்கி விழுந்துட்டான்" என்றான்.

அசும்ப்டா ஓடி நான் பார்த்தது அன்றுதான். ஒரு கையில் ஆக்சிஜன் சிலிண்டர், இன்னொரு கையில் நீல இன்ஹேலரும் அதில் மாட்டி இழுக்கிற பிளாஸ்டிக் குழாயும். ஈரப் புல்லில் ஒரு ஷூ கழன்றுகொண்டது. நின்று போட்டுக்கொள்ளவில்லை. பின்னால் டாக்டர் ஹெஷன், அவருக்குப் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு நான்.

பாதி வெட்டிய குழிக்கு ஓரத்தில், குவித்த மண்மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். உதடு நீலம். கழுத்துக் குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே போய் ஒட்டியது. பேச்சு வரவில்லை. ஊருக்கே கேட்கிற குரல்காரனிடமிருந்து சத்தமே இல்லை. அசும்ப்டா சேற்றில் மண்டியிட்டு, குழாயை அவன் வாயில் வைத்து, "இழு. மெதுவா. இன்னொண்ணு. இழுடா என் ராசா" என்று அமுக்கிக்கொண்டே இருந்தாள். டாக்டர் ஆக்சிஜனைத் திறந்து, ஊசியைப் போட்டுவிட்டு, போனில் மாவட்ட ஆஸ்பத்திரியைப் பிடித்தார். ஆம்புலன்ஸ் வர நாற்பது நிமிடம் என்றார்கள்.

"என்னென்ன எடுக்கிறான்னு கேக்குறாங்க," என்றார் டாக்டர்.

அசும்ப்டா தலையைத் தூக்காமல் வரிசையாகச் சொன்னாள். "எல்லாம் ஒண்ணு விடாம எடுக்கிறான்னு சொல்லுங்க டாக்டர். போன வாரம்கூட எட்டுதான் மிச்சம். அவன் பக்கம் தப்பே இல்ல. அவ்வளவு மருந்துக்கும் அடங்கலன்னு சொல்லுங்க."

"எடுக்கல," என்றேன்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், மாலக்கியும்.

"அவன் எடுக்கல டாக்டர். ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. கார்ல உக்காந்து வெளிய அமுக்கிட்டு வர்றான். நான் ஜன்னல்ல பாத்திருக்கேன்."

டாக்டர் ஒரு நொடி என்னைப் பார்த்துவிட்டுப் போனில் அதைச் சொன்னார். அசும்ப்டாவின் கட்டைவிரல் நின்றது. பிறகு மறுபடி அமுக்கினாள். "இழு மாலக்கி," என்றாள். குரல் மட்டும் வேறு மாதிரி இருந்தது. குழி வெட்டிய மற்ற மூன்று பேரும் தங்கள் மண்வெட்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதில் ஒருவன் பிரீஜ் ரூவனின் புருஷன்.

ஆம்புலன்ஸ் வந்து ஏற்றிக்கொண்டு போனது. மிக் ஜோர்டனின் குழியை மிச்ச மூன்று பேர் வெட்டி முடித்தார்கள்.

அன்று சாயங்காலம் அசும்ப்டா என் பக்கத்தில் வந்து உட்காரவில்லை. தன் அறையிலேயே இருந்தாள். நான் கோட்டைப் போட்டுக்கொண்டு போய் வாசலில் நின்றேன்.

"எத்தனை பேருடி?" என்றாள்.

"நிறையப் பேரு."

"எத்தனை வருஷமா?"

"நாலு."

"நாலு வருஷம்." அவள் கையில் மாலக்கியின் அட்டை இருந்தது. "எட்டு, எட்டு, எட்டுன்னு பதினாலு மாசம். மனுஷன்னா ஒருநாள் மறக்க மாட்டானா? ஒரு மாசம் பத்து, ஒரு மாசம் பன்னெண்டு இருக்காதா? எனக்கே தெரிஞ்சிருக்கணும். எனக்குப் பச்சை வேணும்னு இருந்துச்சு, அதான் கேக்கல." அட்டையை மேஜையில் போட்டுவிட்டு, "நாயைப் பிடுங்கிக் கொடுத்தேனேடி. நீ பக்கத்துல நின்னு பாத்துட்டு இருந்தியே!" என்றாள்.

மூன்று வாரம் அவள் என்னிடம் வேலைக்கு வேண்டிய வார்த்தையைத் தவிர எதுவும் பேசவில்லை. ஐந்து மணிக்கு ஷூவோடேயே வீட்டுக்குப் போனாள். அந்த மூன்று வாரம் எனக்கு நரகம்.

மாலக்கி செத்துவிடவில்லை. பதினோரு நாள் குழாயில் கிடந்தான். பிழைப்பான் என்று பெரிய டாக்டரே எதிர்பார்க்கவில்லை. விழித்துப் பேச வந்ததும் அசும்ப்டா போய்ப் பார்த்தாள். பேசாமல் இருந்தபோதும் காரில் என்னை ஏற்றிக்கொண்டாள். அறுபது கிலோமீட்டர் வைப்பர் சத்தம் மட்டும்தான் கேட்டது.

அவன் தலையணையில் சாய்ந்திருந்தான். அவளைப் பார்த்ததும் போர்வையை இழுத்துக் கழுத்து வரை மூடிக்கொண்டான், திருடி மாட்டிக்கொண்டவன் மாதிரி.

அசும்ப்டா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். இருபத்திரண்டு வருடத்தில் ஒருமுறையாவது அவள் திட்டிக் கேட்க வேண்டும் என்று எனக்கே ஆசையாக இருந்தது.

"அந்தப் பழுப்பு உன்னை என்ன செய்யுது மாலக்கி?" என்று கேட்டாள்.

அவனுக்குப் புரியவில்லை. "என்ன நர்ஸம்மா?"

"எடுத்தியா எடுத்தியான்னுதான் எப்பவும் கேட்டேன். எடுத்தா உனக்கு என்ன ஆகுதுன்னு கேட்டதே இல்ல. இப்ப கேக்குறேன், சொல்லு."

அவன் ஜன்னல் பக்கம் பார்த்தான். "தொண்டை போகுது," என்றான். குழாய் எடுத்த தொண்டையில் குரல் மரத்தில் ரம்பம் போட்ட மாதிரி வந்தது. "நாலு நாள் எடுத்தா அஞ்சாம் நாள் கரகரன்னு ஆயிடுது. திங்கக்கிழமை மேடையில ஏறினா பாதி ஏலத்துல காத்துதான் வருது. மொத மாசம் நல்ல சினைப் பசு ஒண்ணு, குரல் எழும்பாம, வந்த விலைக்குப் போச்சு. சந்தை மானேஜர் வேற ஆள் பாக்கட்டுமான்னு கேட்டாரு. வாய் கொப்புளிக்கச் சொன்னீங்க, கொப்புளிச்சேன். அப்பவும் போச்சு."

"ஏன்டா என்கிட்ட சொல்லல?"

"நீங்க என்னை மகாராசான்னு சொன்னீங்களே நர்ஸம்மா."

அசும்ப்டா அழுதாள். மூக்கைச் சிந்திக்கொண்டு, சத்தமாக, நர்ஸ்கள் அழக் கூடாத விதத்தில் அழுதாள். பக்கத்துப் படுக்கைக்காரர் எட்டிப் பார்த்தார். மாலக்கி பயந்துபோய், "நாயை விட்டுட்டு வரச் சொன்னப்பவாவது சொல்லியிருக்கணும், சொல்ல வாய் வரல" என்று ஏதேதோ சொன்னான்.

"ஷெப்பைக் கூட்டிட்டு வந்துடலாம்," என்றேன் நான்.

"வேணாம் டிம்ப்னா. அங்க புள்ளைங்க பழகிடுச்சுங்க. போன் பண்ணிக் கேட்டேன். ராத்திரி அந்தச் சின்னப் பொண்ணு கட்டில்ல படுக்கிறானாம்."

அவன் தொண்டைக்கு வழி செய்வது ரொம்பப் பெரிய விஷயம் இல்லை. அதுதான் கொடுமை. டாக்டர் ஹெஷன் வேறு வகை கொடுத்தார், அதை அந்தப் பிளாஸ்டிக் குழாய் வைத்து இழுக்கச் சொன்னார். மருந்து தொண்டையில் தங்காமல் நெஞ்சுக்குப் போனது. அலமாரியில் அந்தக் குழாய்கள் எங்களிடம் இரண்டு டஜன் இருந்தன. ஒரு கேள்வி கேட்டிருந்தால் அன்றைக்கே எடுத்துக் கொடுத்திருப்பாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து நாங்கள் திரும்பி வந்த முதல் வியாழன், அசும்ப்டா யாருடைய இன்ஹேலரையும் திருப்பிப் பார்க்கவில்லை. "அதைப் பையிலேயே வைங்க" என்றாள். எல்லோரிடமும் ஒரே கேள்விதான். இது உங்களை என்ன செய்யுது? கதவு சரியாகச் சாத்தாது, எனக்குக் கேட்கும். பிரீஜ் ரூவனுக்கு வாயில் வெள்ளைப் படலம். ஒருவனுக்கு ஸ்டீராய்டு என்ற பேரே பயம், அவன் அண்ணன் மாத்திரை தின்று பூசணி மாதிரி வீங்கிச் செத்தானாம். ஒருத்திக்கு மாமியார் முன்னால் இழுக்க வெட்கம். ஒருவன், தனக்கு ஆஸ்துமா இருப்பதையே தான் நம்பவில்லை என்றான். இருபது வருடமாக வருகிறவன். ஒவ்வொருத்தருக்கும் அரைமணி நேரம் ஆனது. வெளியே கூட்டம் முணுமுணுத்தது, நான் தேநீர் போட்டுக் கொடுத்து மாளவில்லை.

சதவீதமெல்லாம் விழுந்துவிட்டது. நூற்றுக்கு எண்பத்தாறு பேர் ஒழுங்காக எடுக்கிறார்கள் என்று சுகாதாரத் துறை மேலிடத்துக்குப் போய்க்கொண்டிருந்த கணக்கு முப்பத்தொன்பது ஆனது. இந்த கிளினிக்கில் என்ன ஆயிற்று, நர்ஸுக்கு மறுபயிற்சி தேவையா என்று கேட்டுக் கடிதம் வந்தது. அசும்ப்டா அதைப் படித்துவிட்டு என் மேஜையில் போட்டாள். "பதில் நீயே எழுதுடி. உனக்குத்தான் இதெல்லாம் தெரியும்," என்றாள். மூன்று வாரத்துக்குப் பிறகு அவள் என்னைக் குத்தியது அதுதான் முதல் தடவை. எனக்கு உயிர் வந்தது.

மே மாதம் மாலக்கி வந்தான். திங்கட்கிழமை ஏலத்துக்குத் திரும்பியிருந்தான். இளைத்திருந்தான். காரிலிருந்து இறங்கி நேரே உள்ளே வந்தான். கதவு வழக்கம்போலச் சரியாகச் சாத்தவில்லை.

"சொல்லு," என்றாள் அசும்ப்டா.

"ஏழு நாள்ல நாலு நாள் எடுக்கிறேன் நர்ஸம்மா."

"மிச்சம் மூணு?"

"ரெண்டு நாள் மறந்துட்டேன். ஞாயித்துக்கிழமை வேணும்னுதான் எடுக்கல. மறுநாள் ஏலம், பயமா இருந்துச்சு."

பேனா உரசும் சத்தம் கேட்டது.

"அவ்வளவுதானா?" என்றான் மாலக்கி. "திட்ட மாட்டீங்களா?"

"அலுப்பா இருக்குடா," என்றாள். "ஆனா நம்புறேன். நாலுன்னா நாலு. அடுத்த வாரமும் வந்து எவ்வளவோ அதைச் சொல்லு."